ஊரின் பெயர் தாங்கிய அணிகள்

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கி, ஈக்காட்டுத்தாங்கல் என்னும் எங்கள் பேட்டைக்கு நூறடிச் சாலையின் தலைக்கு மேலே ஒரு ரயில் நிலையம் வாய்த்தது. அதே ஆண்டில்தான், சென்னையின் பெயரைச் சூடிக்கொண்டு ‘சென்னை ஸ்லாம்’ என்றொரு கூடைப்பந்து அணியும் தோன்றியது. நிலையம் இன்று கிண்டித் தொழிற்பேட்டைக்கும் அதைச் சுற்றிய அலுவலகக் கட்டடங்களுக்கும் வந்துபோகிறவர்களின் அன்றாட வாழ்வில் ஓர் அங்கமாகிவிட்டது. அணியோ நான்கு பருவங்கள் ஆடிவிட்டு, 2017-க்குப் பிறகு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த ரயில்பாதை 2018 மே மாதத்தில் சென்ட்ரலைச் சென்று சேர்ந்து, பெரியமேட்டு நேரு உள்விளையாட்டரங்கின் அருகே வரைக்கும் எங்கள் பேட்டையிலிருந்து வண்டி மாறாமல் போய்வரலாம் என்னும் சௌகரியம் உண்டானபோது, போய்ப் பார்ப்பதற்கு அந்த அணி இல்லை.

யுனைடெட் பாஸ்கெட்பால் அலையன்ஸ் என்ற பெயரில், அமெரிக்க முதலீட்டாளர்களின் முயற்சியால் ஆரம்பிக்கப்பட்ட ஒரு தொழில்முறைப் போட்டித்தொடரின் எட்டு அணிகளுள் ஒன்று அது. பெங்களூரு பீஸ்ட், ஐதராபாத் ஸ்கை, புணே பேஷ்வாஸ், மும்பை சாலஞ்சர்ஸ், பஞ்சாப் ஸ்டீலர்ஸ், ஹரியானா கோல்ட், டெல்லி கேபிடல்ஸ் என்பவை மற்ற ஏழும். இந்திய அணிக்காக ஆடியவர்கள் பலர் இதில் ஆடினார்கள். ஆட்டங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. ஆயினும் ஓர் அணி தன் நகரத்தில் பாதி ஆட்டங்களையும், எதிரணிகளின் நகரங்களில் மீதியையும் ஆடுகிற வழக்கம் இந்தத் தொடரில் வேரூன்றவில்லை. எல்லா அணிகளையும் ஓரிடத்தில் கூட்டி, ஓர் அரங்கில் வரிசையாக ஆட்டங்களை நடத்தி முடித்துவிடுவதே முறையாக இருந்தது. ஆகவே, சென்னை ஸ்லாம் என்ற பெயரைக் கேட்ட சென்னைவாசிக்கு, அந்த அணி எந்தத் தெருவில் பயிற்சி செய்கிறது, எந்தக் கிழமை மாலையில் எங்கே போனால் அதன் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்கிற சாதாரணக் கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை.

நமது கடைசி மூச்சுவரை நினைவில் வைத்துப் போற்றத்தக்க மகத்தான சம்பவம் இது என்று நான் வாதிட வரவில்லை. ஒரு நகரத்தின் பெயர் அதன் குடிமக்களுடைய பொதுச்சொத்து. அந்தப் பெயரை எடுத்து ஓர் அணிக்குச் சூட்டுகிறவர்கள், அந்த நகரத்துக்குத் திருப்பித் தரவேண்டியது ஏதேனும் உண்டா என்பதை யோசிப்பதற்கு, பெரிய வெற்றிகளைக் காட்டிலும் இத்தகைய அற்பாயுள் முயற்சிகளே தெளிவான சான்றாக நிற்கின்றன என்பதால்தான் எழுத முற்படுகிறேன். அதிலும், கூடைப்பந்துக்கு அந்நியமான ஓர் ஊரில் இப்படி நடந்திருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. சென்னை அப்படிப்பட்ட ஊர் அன்று.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அமைதியிழந்திருந்த மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டி இந்த விளையாட்டை உண்டாக்கினார். அந்தக் கைப்பிடியின் உயரம் பத்தடியாக இருந்த ஒரே காரணத்தால், இன்றைக்கும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் நிற்கிறது. அந்த முதல் வகுப்பில் ஆடிய டங்கன் பேட்டன் 1894-இல் இந்தியாவுக்கு இவ்விளையாட்டைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. பிறகு, அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். ஆசியாவிலேயே இத்துறையில் முதலாவதாக எழுந்த ஸ்தாபனம் என்று போற்றப்படும் அந்தப் பள்ளிதான், சைதாப்பேட்டையை ஒட்டிய நந்தனத்தில், அடையாற்றங்கரையில், மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இன்று கல்லூரியாக நிற்கிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளராகவும் இருந்த பக், 1943-இல் சென்னையிலேயே காலமானார். அவரிடமும் அவருக்குப் பின்னும் அங்கே பயின்றவர்கள் உடற்பயிற்சி ஆசிரியர்களாகத் தென்னாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். அவர்கள் சென்ற ஊர்களிலெல்லாம் இரண்டு கம்பங்களும் இரண்டு பலகைகளும் நடப்பட்டன. எங்கள் பேட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு, இரண்டு வளைவு தாண்டி, இந்த விளையாட்டு தமிழகத்துக்குள் பரவிய அந்த வளாகத்தின் ஓரமாகத்தான் கடலுக்குப் போகிறது.

இந்த விளையாட்டை நம் மாநிலத்தில் காப்பாற்றி வளர்த்தவர்கள் செல்வச் சீமான்கள் அல்லர். வங்கிகளும் ரயில்வேயும் காவல்துறையும் சுங்கத்துறையும்தான். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, தமிழ்நாடு காவல்துறை ஆகியவற்றின் அணிகளில் இடம்பெறுவதென்பது, ஒரு பிள்ளைக்கு விளையாட்டோடு ஜீவனோபாயமும் கிடைப்பது என்று பொருள். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த ஏற்பாட்டினால், பயிற்சிக்கென்று வேலை நேரத்தில் சலுகை பெற்று, ஆடும் பருவம் முடிந்த பின்னரும் ஓய்வுபெறும் வயதுவரை மேசையும் சம்பளமும் நிச்சயமாகிவிட்ட குடும்பங்கள் இந்நகரத்தில் எத்தனையோ உண்டு. பதினெட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் அணிக்கு ஆடி, பல ஆண்டுகள் தலைமையும் தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை, சென்னையின் மகள். தென்னக ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே ஆடியவர். சென்னை ஸ்லாம் ஆடிய தொடரில் பெண்களுக்கு அணியே கிடையாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

இப்படி உத்தியோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஆட்டக்காரனிடம், சில வாரங்களுக்கு ஓர் ஒப்பந்தம் தருகிறோம், வந்து ஆடு என்று ஒரு புதிய தொடர் அழைக்கும்போது, அவன் எதைக் கருதித் தீர்மானிப்பான்? பணம் ஒரு பக்கம். தேசிய அணித் தேர்வும் இலாகாவின் அனுமதியும் மறுபக்கம். அந்தத் தேர்வுக்கும் அனுமதிக்கும் ஆதாரம் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம். அந்த அங்கீகாரம்தான் இந்தத் தொடருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

கூட்டமைப்பின் தரப்பிலும் கதை இருக்கிறது. அது பெருமைப்படத்தக்க கதையாக இல்லை. 2010-இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்ட கூட்டமைப்பு, தேசிய அளவில் ஒரு தொழில்முறைத் தொடர் வரப்போகிறது என்ற நம்பிக்கையை ஆட்டக்காரர்களின் உள்ளத்தில் விதைத்தது. ஆண்டுகள் கழிந்தன, தொடர் வரவில்லை. பத்தொன்பது வயதில் அந்தச் செய்தியைக் கேட்டுக் கனவு கண்ட ஓர் இளைஞன், கூடைப்பந்துக்காரனின் கால்களில் விசை குன்றத் தொடங்கும் வயதை எட்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 2015-இல் கூட்டமைப்பே இரண்டாகப் பிளந்து, நாங்களே உண்மையான கூட்டமைப்பு என்று இரு கோஷ்டியும் உரிமை கொண்டாட, சர்வதேசச் சம்மேளனமான ஃபிபா ஒரு தரப்பை அங்கீகரித்து வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. தன் கையால் ஒரு தொடரை நடத்திக் காட்டாத ஓர் அமைப்பு, பிறர் நடத்தும் தொடரை அங்கீகரிக்க மறுப்பதில் சட்டப்படி தவறில்லாமல் இருக்கலாம். நியாயப்படி அது குறையே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அந்த மறுப்பின் சுமை நிர்வாகஸ்தர்களின் தலையில் இறங்காமல், இருபத்தைந்து வயது ஆட்டக்காரனின் தலையில் இறங்கியது.

சென்னைக்கு இது புதிய அனுபவமும் அன்று. 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கில் ‘சென்னை வீரன்ஸ்’ என்றோர் அணி இருந்தது. 2007-இல், கிரிக்கெட் வாரியத்தின் சம்மதமின்றி எஸ்ஸெல் குழுமம் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் ‘சென்னை சூப்பர் ஸ்டார்ஸ்’ என்றோர் அணி ஆடியது. ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் லா தலைமையில் அந்த அணி முதல் இருபது ஓவர்ப் போட்டியிலேயே கோப்பையை வென்றது; ஆனால் வென்ற இடம் சேப்பாக்கம் அன்று, அரியானாவின் பஞ்ச்குலா. வாரியம் அந்த ஆட்டக்காரர்களைத் தள்ளிவைத்து, 2009-இல் மன்னிப்பு அளித்து மீண்டும் சேர்த்துக்கொண்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. பிறகு 2012-இல் உலக ஹாக்கித் தொடர் என்ற ஒன்று வந்தது. அதில் ‘சென்னை சீட்டாஸ்’ என்ற அணிக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் சொந்த மைதானமாக அமைந்தும், ஹாக்கி இந்தியாவின் ஒப்புதல் இல்லாமையால் ஒரே பருவத்தோடு அதுவும் மறைந்தது. வீரன்ஸ், சூப்பர் ஸ்டார்ஸ், சீட்டாஸ், ஸ்லாம் என்று பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்நகரத்தின் பெயரைத் தாங்கி வந்து போன அணிகளை வரிசைப்படுத்திப் பார்க்கையில், சீட்டாஸுக்கு மைதானம் இருந்து அங்கீகாரம் இல்லை, சூப்பர் ஸ்டார்ஸுக்கும் ஸ்லாமுக்கும் இரண்டுமே இல்லை என்பது விளங்குகிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் 2008-இல் வந்து நிலைத்ததற்கு அதன் ஆட்டக்காரர்களின் திறமை ஒரு காரணம் என்றால், சேப்பாக்கத்தின் படிக்கட்டுகளில் முதல் ஆண்டிலிருந்தே சென்னை ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க முடிந்ததும், வாரியமே அதை நடத்தியதும் அதற்குக் குறையாத காரணங்கள்.

மைதானமும் அங்கீகாரமும் இருந்துவிட்டால் மாத்திரம் ஆயுள் நிச்சயம் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில், என்.பி.ஏ. என்னும் தலைமைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கே முன்னின்று 2001-இல் எட்டு அணிகளுடன் ஒரு சிறு லீக்கைத் தொடங்கியது. இன்று ஜி லீக் என்று வழங்குவது அதுதான். தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரத்துக்கு அதில் ‘குரூவ்’ என்ற அணி. முதல் பருவத்திலேயே அது பட்டம் வென்றது. இரண்டாம் பருவம் முடிந்ததும் கலைக்கப்பட்டது. அந்த இரண்டாம் பருவத்தின் பட்டத்தை வென்ற அலபாமாவின் ‘மொபைல் ரெவலர்ஸ்’ அணியும் அதே 2003-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. முதல் இரண்டு சாம்பியன்களும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இல்லாமற்போன விந்தை அது. நம்முடைய சத்னம் சிங், 2015-இல் டாலஸ் மாவரிக்ஸ் அணியால் 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்ற பிறகு ஆடியதும் இந்தச் சிறு லீக்கின் டெக்ஸஸ் லெஜண்ட்ஸ் அணியில்தான்.

இன்னொரு அமெரிக்கக் கதை இதைவிட ரசமானது. 1974 முதல் 1976 வரை இரண்டே பருவங்கள் வாழ்ந்த ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ என்ற அணி, ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக்கைச் சேர்ந்தது. 1976-இல் அந்த லீக்கின் நான்கு அணிகளை மட்டும் என்.பி.ஏ. சேர்த்துக்கொண்டபோது இது வெளியே நின்றுவிட்டது. அதன் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், தங்களைச் சமாதானப்படுத்த வந்தவர்களிடம் ரொக்கத்தோடு ஒரு ஷரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: சேர்ந்துகொண்ட அந்த நான்கு அணிகளும் பெறும் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, என்றென்றைக்கும், தங்களுக்கு. அந்நாளில் அந்த வருமானம் சொற்பம். பிறகு அது பெருகிய பெருக்கத்தில், ஆடாத அணியின் பெயரால் ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2014-இல் ஐம்பது கோடி டாலர் கொடுத்துத்தான் என்.பி.ஏ. அந்த ஷரத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் கிழவர்களாகி, அரங்கம் இடிக்கப்பட்டு, ரசிகர்களே மறந்துபோன ஓர் அணி, ஒரே ஒரு காகிதத்தின் பலத்தால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. இந்தக் கதையைப் பணத்துக்காக நான் சொல்லவில்லை. ஓர் அணி மறைந்த பிறகு எஞ்சுவது என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் எஞ்சி நிற்பது எது என்று பார்க்க விரும்புகிறவர்கள் மே மாதத்தில் பெரியகுளத்துக்குப் போக வேண்டும். தேனி மாவட்டத்தின் அந்தச் சிறிய ஊரில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, கோவையில் மகளிருக்கு சி.ஆர்.ஐ. கோப்பை என்று கோடை விடுமுறையோடு கூடைப்பந்தும் சேர்ந்து வருவது கொங்கு நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் வழக்கமாகிவிட்டது. கடற்படையும் விமானப்படையும் வங்கிகளும் மின்வாரியங்களும் தத்தம் அணிகளை அங்கே அனுப்புகின்றன. வெயில் தாழ்ந்து, சிமென்டுத் தரையின் சூடு செருப்பில்லாக் காலுக்குப் பொறுக்கும்படி ஆனவுடன், மின்விளக்குகள் ஏற்றப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் எல்லைக்கோட்டை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். கேலரியின் மேல்படியில் இருக்கும் பெரியவர், போன வருஷம் கடற்படைக்கு ஆடிய நெட்டைப் பையன் இந்த வருஷம் வரவில்லையே என்று பக்கத்திலிருப்பவரிடம் விசாரிக்கிறார். சிமென்டில் உரசி உரசி மேல்தோலின் புள்ளிகள் தேய்ந்து வழவழப்பான பந்தைப் பிடிப்பதற்கு, ஆட்டக்காரர்கள் அடிக்கடி உள்ளங்கையைக் காலணியின் அடியில் துடைத்துக்கொள்கிறார்கள். மரத்தளத்தில் ஆடிப் பழகியவனின் முழங்கால் அந்தத் தரையில் இரண்டு நாளில் வலிக்கும். ஆயினும், அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காக உள்ளூர் மருமகப்பிள்ளை ஊருக்கு வரும் தேதியைப் போட்டித் தேதிக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறார். அந்த அணிகளில் எதற்கும் பெரியகுளம் என்ற பெயர் கிடையாது. ஆனால் போட்டி பெரியகுளத்துக்குச் சொந்தம்.

சென்னை ஸ்லாமின் நிலை இதற்கு நேர்மாறானது. அணிக்குச் சென்னையின் பெயர் இருந்தது. அணி சென்னைக்குச் சொந்தமாக இல்லை. அதைத் தொடங்கியவர்களின் நோக்கத்தில் நான் களங்கம் காணவில்லை. இந்திய ஆட்டக்காரனுக்கு உத்தியோகத்துக்கு வெளியே ஒரு மேடை வேண்டும் என்று எண்ணி, அப்போது எவரும் செய்யாத காரியத்தை அவர்கள் செய்தார்கள். நான்கு பருவங்கள் நடத்தியது சிறிய பிரயத்தனம் அன்று. அந்த அரங்குகளில் இரவு விளக்கின் கீழே ஆடிய இளைஞர்கள் ஒவ்வொரு பந்துக்கும் தம் முழு மூச்சையும் கொடுத்தார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. வருந்துவதெல்லாம், அந்த உழைப்பின் கணக்கு இந்நகரத்தின் கையில் இல்லை என்பதற்காக.

கணக்கு என்று நான் சொல்வது ஆட்டக் கணக்குத் தாளை. மேசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரரை ஆட்டத்தின் பரபரப்பில் யாரும் கவனிப்பதில்லை. ஆனால், அந்த மாலைக்கு அவர்தான் சரித்திர ஆசிரியர். ஒன்று முதல் மேலே போகும் எண்களை அச்சிட்ட பத்தியில், களத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சாய்கோடு இழுத்து, போட்டவனின் எண்ணைப் பக்கத்தில் எழுதுகிறார். ஃப்ரீ த்ரோ என்றால் கோட்டுக்குப் பதிலாக ஒரு கருத்த புள்ளி. மூன்று புள்ளிக் கூடையென்றால் போட்டவனின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். முதல் கால்பகுதியும் மூன்றாம் கால்பகுதியும் சிவப்பு மையில். இரண்டாவதும் நான்காவதும் நீலத்திலோ கறுப்பிலோ. ஆகவே, பழகிய கண் ஒன்று அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில், எந்தக் கட்டத்தில் ஆட்டம் திரும்பியது, எந்தப் பையன் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போனான், கடைசி நிமிஷத்தில் கை நடுங்காமல் ஃப்ரீ த்ரோ போட்டவன் யார் என்பதையெல்லாம் நாற்பது வருஷம் கழித்தும் சொல்லிவிடும். ஃபிபாவின் விதிப்படி அந்தத் தாள் நான்கு நிறத்தில் நான்கு படிகள்: அசல் வெள்ளை, பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள். இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. நடுவர் கடைசியாகக் கையெழுத்திட்ட பிறகு அதில் ஒரு கோட்டையும் மாற்ற முடியாது. தோற்றவனுக்கும் ஒரு படி உரியது என்று விதித்திருக்கும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் மரியாதைக்குரியதாகப் படுகிறது.

ஊர்க் கிளப்பின் அலமாரியில் இந்தத் தாள்கள் கட்டுக் கட்டாகத் தூசு படிந்து கிடந்தாலும் கிடக்கும். காரணம், அந்தக் கிளப் அங்கேயே இருக்கிறது. ஒரு நிறுவனம் நடத்திய தொடரில், நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போனால் கணக்கும் அதோடு போய்விடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையுடைத்து ஈக்காட்டுத்தாங்கலின் வீடுகளுக்குள் புகுந்தபோது, பள்ளிச் சான்றிதழ்களும் திருமண ஆல்பங்களும் கூழாகி, வெயிலில் கயிறு கட்டி உலர்த்தப்பட்டதைக் கண்ட ஜனங்கள் நாங்கள். ஒரு காகிதம் போய்விட்டால் ஒரு மனிதன் தான் செய்ததை நிரூபிக்க எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பிற்பாடு கூட்டமைப்பின் அங்கீகாரத்தோடு இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் வந்தது. 2022-இல், அணிக்கு ஐவர் ஆடும் வடிவத்தில் அது தொடங்கியபோது ‘சென்னை ஹீட்’ என்ற அணி களமிறங்கி, முதல் பட்டத்தையும் வென்றது. அங்கீகாரம் என்ற குறை இதற்கு இல்லை. அது பெரிய முன்னேற்றம், மனமார வரவேற்கிறேன். ஆயினும் அந்த முதல் பருவத்தின் சுற்றுகள் கொச்சியிலும் ஜெய்ப்பூரிலும் புணேயிலும் நடந்தன. சென்னையின் பெயர் மறுபடியும் சென்னைக்கு வெளியேதான் வென்றது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட நேரு உள்விளையாட்டரங்கம் பெரியமேட்டில் இருக்கிறது. 2018 ஜனவரியிலும் 2022 ஏப்ரலிலும் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டங்களை நடத்திக் காட்டிய நகரம் இது. இடமில்லை, ஆளில்லை, ஆர்வமில்லை என்ற சமாதானங்கள் எதுவும் இங்கே செல்லாது.

ஆகவே, தமிழ்நாடு கூடைப்பந்துக் கழகத்தாருக்கும், இனி எந்த விளையாட்டுக்கேனும் சென்னை என்ற பெயரில் ஓர் அணியைத் தொடங்க வரும் முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அணியின் ஆட்டங்களில் பாதியையாவது இந்நகரத்தில், மாணவர்கள் தங்கள் கைச்செலவுப் பணத்தில் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் வைத்து நடத்துங்கள். ஆண்களுக்கு ஓர் அணி என்றால், அதே சட்டையில் பெண்களுக்கும் ஓர் அணி வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்குத் தாளிலும் ஒரு படியை எழும்பூர் கன்னிமரா நூலகத்திலோ நந்தனம் உடற்கல்விக் கல்லூரியின் நூலகத்திலோ பருவ முடிவில் ஒப்படைத்துவிடுங்கள். 2015-க்கும் 2017-க்கும் இடையில் சென்னை ஸ்லாமுக்கு ஆடியவர்களோ, அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர்களோ, மேசையில் கணக்கு எழுதியவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், உங்களிடம் உள்ள சட்டை, நுழைவுச்சீட்டு, இளஞ்சிவப்புத் தாள், மஞ்சள் தாள் எதுவானாலும், பழைய காகிதக்காரருக்குப் போடுவதற்கு முன்னால், அந்த நூலகங்களில் ஒன்றில் கேட்டுப் பாருங்கள்.